ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கலாம்

"அங்கிள், அப்பா இதை ஆகஸ்ட்லயே சொல்லியிருந்தா நான் வேற லிஸ்ட் போட்டிருப்பேன்."

சொன்னது, இங்கே புனேயில் எங்கள் சொசைட்டியில் இரண்டு பிளாக் தள்ளிக் குடியிருக்கும் நண்பரின் பெண். அழவில்லை, கோபப்படவும் இல்லை. காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதுதான் அவள் அப்பாவை அதிகமாகப் பாதித்தது என்று நினைக்கிறேன். மனிதர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

நடந்தது இதுதான். பெண்ணுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் மேல் ஆசை. அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு 14 இடங்களில் விண்ணப்பித்தாள். பதினொரு இடத்தில் இல்லை என்று வந்தது, இரண்டில் வெயிட்டிங் லிஸ்ட். ஒரே ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில், அதுவும் நேரடியாக சி.எஸ். பிரிவிலேயே இடம் கிடைத்தது. வீட்டில் கேசரி கிண்டி பிளாக் முழுக்கக் கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன். கேசரி தீர்வதற்குள் கணக்கு வந்துவிட்டது. ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 65,000 டாலர். நாலு வருஷத்துக்கு இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கே உதவித்தொகை கிடையாது. நண்பரால் முடிந்தது வருஷத்துக்கு இருபது லட்சம். வீட்டுக் கடன் ஓடுகிறது, தஞ்சாவூரில் வயசான அப்பா அம்மா, இவளுக்குக் கீழே ஒரு பையன்.

"கிடைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு நினைச்சேங்க" என்றார் என்னிடம்.

இந்த வாக்கியத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஊரை விட்டு வந்து பொட்டி தட்டிப் பிழைக்கும் நம் எல்லோர் வீட்டிலும் இந்த வாக்கியம் இருக்கிறது. நம்மூர்ப் படிப்புக்கு அது நல்ல வாக்கியம்தான். கவுன்சிலிங்கில் முதலில் சீட்டை வாங்கு, ஃபீஸுக்கு அப்புறம் அலையலாம். அண்ணா பல்கலைக்கழகத்திலோ ஒரு என்.ஐ.டி.யிலோ இடம் கிடைத்தால் எப்படியாவது புரட்டிவிட முடியும். நகை இருக்கிறது, பி.எஃப். இருக்கிறது, பெரியப்பா இருக்கிறார். சீட்டு முதலில், பணம் பிறகு என்ற வரிசை அங்கே வேலை செய்கிறது.

அமெரிக்காவில் வரிசை தலைகீழ். வெளிநாட்டு மாணவருக்கு, பணம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் எந்தெந்த இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையே தீர்மானிக்கிறது. இது பிள்ளைக்குத் தெரியாவிட்டால், அவள் போடுகிற லிஸ்ட் வேறு யாரோ பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கான லிஸ்ட்.

கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம். பண விஷயத்தில் அங்குள்ள பல்கலைக்கழகங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை நீட் பிளைண்ட். (நம்மூர் நீட் இல்லை, பயப்படாதீர்கள்.) உங்களுக்குப் பண உதவி வேண்டுமா வேண்டாமா என்று பார்க்காமலே தேர்ந்தெடுப்பார்கள். எடுத்துவிட்டால், உங்கள் வருமானத்தைப் பார்த்து, கட்ட முடியாத மீதியை அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கும் இப்படிச் செய்யும் இடங்கள் மிகக் குறைவு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. (குரோம்பேட்டை இல்லை, மாசசூசெட்ஸ்), ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை பழைய ஆட்கள். டார்ட்மத்தும் போடனும் 2022ல் இந்தக் கொள்கைக்கு வந்தன. பிரவுன், 2025ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து தொடங்கியது. இன்னும் ஓரிரண்டு இருக்கின்றன. அவ்வளவுதான்.

இரண்டாம் வகை நீட் அவேர். உதவி தருவார்கள், ஆனால் நீங்கள் உதவி கேட்கிறீர்கள் என்பதும் தேர்வின்போது தராசில் ஏறும். ஸ்டான்ஃபோர்ட், கார்னெல், கொலம்பியா எல்லாம் வெளிநாட்டு மாணவர் விஷயத்தில் இந்த வகை. இதில் ஒரு வலை இருக்கிறது. "உதவி வேண்டாம்னு டிக் பண்ணு, சீட்டு வந்ததும் கேட்டுக்கலாம்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். பல இடங்களில் விண்ணப்பத்தின்போது கேட்காதவருக்கு நாலு வருஷமும் உதவி கிடையாது என்று விதியே இருக்கிறது. கவனிக்கவும், இதுவும் நம் "அப்புறம் பார்த்துக்கலாம்" வாக்கியம்தான்.

மூன்றாம் வகை, வெளிநாட்டு இளநிலை மாணவருக்கு வருமானம் பார்த்துத் தரும் உதவி அறவே இல்லாத இடங்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி, இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்ன், ஜார்ஜியா டெக் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் இதில் வரும். அந்தந்த மாநிலத்து வரிப்பணத்தில் ஓடும் இடங்கள், தங்கள் மாநிலப் பிள்ளைகளுக்குச் சலுகை தருகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தனியார் பல்கலைக்கழகமான கார்னகி மெலனும் இந்த வகைதான் என்பது பலருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றாலே நம் பிள்ளைகள் முதலில் எழுதும் பெயர்களில் ஒன்று அது.

இதோடு சி.எஸ். என்பதால் வரும் தனிச் சிக்கலையும் சேர்த்துப் பாருங்கள். எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்ட், ஹார்வர்ட், யேல் போன்ற இடங்களில் உள்ளே போன பிறகு எந்தப் பாடத்தை வேண்டுமானாலும் முதன்மைப் பாடமாக எடுக்கலாம். சி.எஸ்.ஸுக்கு என்று தனிக் கதவு கிடையாது. ஆனால் கார்னகி மெலனில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பள்ளிக்குத் தனியாகத் தேர்வாக வேண்டும். இல்லினாயில் விண்ணப்பத்திலேயே சி.எஸ். கேட்க வேண்டும், வேறு பிரிவில் நுழைந்து பிறகு மாறிக்கொள்ளலாம் என்பது கிட்டத்தட்ட மூடிய கதவு. சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் அதே கதை. பெர்க்லியும் 2023லிருந்து சி.எஸ்.ஸுக்கு நேரடியாக எடுக்கும் முறைக்கு மாறி, உள்ளே வந்தபின் மாறுவதைக் கடினமாக்கிவிட்டது. "முதல்ல எகனாமிக்ஸ்ல சேர்ந்துட்டு சி.எஸ். மாத்திக்கடா" என்று 2010 வாக்கில் அங்கே போன சித்தப்பா சொன்னால் அன்போடு கேட்டுக்கொண்டு மறந்துவிடுங்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் புரிகிறது. பணமும் தந்து, சி.எஸ். கதவையும் திறந்து வைத்திருக்கும் இடங்களில் நூறு வெளிநாட்டு விண்ணப்பங்களுக்கு இரண்டு, மூன்று பேருக்குத்தான் இடம். எம்.ஐ.டி.யில் ஒரு வகுப்பில் வெளிநாட்டு மாணவர்கள் பத்தில் ஒரு பங்குதான். அந்தப் பங்குக்குள் உலகத்தின் அத்தனை நாடுகளும் அடங்க வேண்டும். இதைவிடச் சற்று அதிக வாய்ப்புள்ள அரசுப் பல்கலைக்கழகங்களிலோ முழுப் பணமும் நம்முடையது. ஆக, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை பிரபலமான பெயர்களை மட்டும் பார்த்து 14 இடம் எழுதினால், பாதி கிடைக்காத இடங்கள், மீதி கிடைத்தாலும் போக முடியாத இடங்கள். நண்பரின் பெண்ணுக்கு நடந்தது அதுவேதான். அவள் மார்க்கிலோ கட்டுரையிலோ கோளாறு இல்லை. லிஸ்டில் கோளாறு. லிஸ்டில் கோளாறு வந்தது அப்பா தொகையைச் சொல்லாததால்.

அந்த இருபது லட்சத்தை ஆகஸ்டில் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? அவளே சொன்னாள். பண உதவி தரும் இடங்களில் நாலைந்து எழுதியிருப்பாள், உதவி வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டு. ஆம்ஹர்ஸ்ட், போடன் மாதிரி, மாமா சித்தப்பா யாரும் கேள்விப்படாத, ஆனால் நல்ல சி.எஸ். துறை உள்ள சிறிய கல்லூரிகளைப் பார்த்திருப்பாள். மதிப்பெண்ணைப் பார்த்து ஃபீஸில் தள்ளுபடி தரும், அவ்வளவாகப் பேர் தெரியாத பல்கலைக்கழகங்கள் இரண்டு சேர்த்திருப்பாள். முக்கியமாக, ஜே.இ.இ.யைப் பாதியில் விட்டிருக்க மாட்டாள்.

இந்தக் கடைசி வரி எனக்கு உறுத்துகிறது. இரண்டு குதிரையில் சவாரி செய்ய முடியாது என்று ப்ளஸ் ஒன் கடைசியில் கோச்சிங்கை நிறுத்தியது அப்பாதான். ஆனால் ஓடவே முடியாத குதிரை எது என்று அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

சரி, இதற்கு வழக்கமாக வரும் மூன்று மறுப்புகளைப் பார்ப்போம்.

ஒன்று, "கடன் வாங்கலாமே." வாங்கலாம். கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். ஒன்றரைக் கோடி கடன், பத்து சதவீத வட்டி, பதினைந்து வருஷம் என்றால் மாதத் தவணை ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். வீடு வங்கியிடம் அடமானத்தில் இருக்கும். இதை அடைக்க வேண்டுமென்றால் பிள்ளைக்கு அமெரிக்காவிலேயே வேலை கிடைத்தாக வேண்டும். படிப்பு முடிந்து ஓ.பி.டி.யில் 12 மாதம், சி.எஸ். போன்ற படிப்பு என்பதால் இன்னும் 24 மாதம் வேலை பார்க்கலாம். அதற்குப் பிறகு எச்-1பி குலுக்கல். 2025 மே கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி தருவதையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. அங்கேயே படித்து விசா மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. அந்த ஒரு மாதம் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும்! டாலரும் நிற்பதில்லை. 2020ல் 75 ரூபாய்ப் பக்கம் இருந்தது, 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. ஃபீஸும் வருஷா வருஷம் ஏறுகிறது. முதல் வருஷத் தொகையை நாலால் பெருக்கினால் வருவது குறைந்தபட்சக் கணக்குதான். இவ்வளவும் தெரிந்து, குடும்பமாக உட்கார்ந்து, "சரி, இறங்குவோம்" என்று முடிவெடுத்தால் அது துணிச்சல். ஏப்ரலில் கேசரிச் சூட்டில் எடுத்தால் அது சூதாட்டம்.

இரண்டு, "சொன்னா புள்ள மனசு ஒடஞ்சிடும்." ஆகஸ்டில் சொன்னால் ஒரு வாரம் முகம் வாடும். ஏப்ரலில் சொன்னால், கையில் கிடைத்ததைப் பிடுங்கியது போல இருக்கும். அதோடு, எப்படியும் மறைக்க முடியாது. பண உதவி கேட்கும் படிவத்தில் அப்பா சம்பளம், வீட்டின் மதிப்பு, கடன், சேமிப்பு எல்லாம் கேட்கிறார்கள். இடம் கிடைத்த பிறகு ஐ-20 என்ற காகிதம் கைக்கு வர, முதல் வருஷச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். முன்பின் தெரியாத ஒரு அலுவலகத்திடம் சொல்லப் போவதை, பதினேழு வயசு மகளிடம் சொல்லக் கூடாதா?

மூன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. அப்பா தன்னால் முடியாது என்று எப்படிச் சொல்வது? இதுதான் உண்மையான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் அப்பாக்களும் சொன்னதில்லை. நான் இன்ஜினியரிங் படிக்க என் அப்பா பி.எஃப்.பில் கடன் போட்டது, நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். அது அன்பு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் மறைத்த தொகை சில ஆயிரங்கள். சமாளித்துவிட்டார். இன்றைக்கு நாம் மறைப்பது கோடிகளில். அப்பாவின் மௌனம் அந்த அளவைத் தாங்காது.

இன்னொன்றும் இருக்கிறது. நம்மைப் போல ஊர் விட்டு வந்தவர்கள் பிள்ளைக்கு இங்கேயும் முழுசாக ஊர் இல்லை. மராட்டி இரண்டாம் பாஷை, தமிழ் வீட்டு பாஷை, எந்த மாநிலக் கோட்டாவில் எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று வருஷா வருஷம் ஒரு குழப்பம். இதில் அமெரிக்கா என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே விடை மாதிரி தோன்றுகிறது. தோன்றட்டும், தப்பில்லை. ஆனால் அங்கே போக ஒரே வாசல் பதினெட்டு வயசில்தான் என்று யார் சொன்னது?

ஓப்பன் டோர்ஸ் கணக்குப்படி 2023-24ல் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அதில் இளநிலை படித்தவர்கள் 36,053 பேர்தான். மேல்படிப்பில் 1,96,567 பேர். அதாவது நம் ஆட்களில் பெரும்பாலோர் இங்கே ஒரு பட்டம் முடித்துவிட்டுத்தான் போகிறார்கள். சத்யா நாதெல்லா மணிப்பாலில் இன்ஜினியரிங் முடித்து, விஸ்கான்சின்-மில்வாக்கியில் எம்.எஸ். படித்தவர். இரண்டும் நம் பிள்ளைகளின் கனவு லிஸ்டில் வராத பெயர்கள். ராஜ் ரெட்டி இன்னும் நல்ல உதாரணம். கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் 1958ல் சிவில் முடித்தவர். ஆஸ்திரேலியா வழியாக ஸ்டான்ஃபோர்ட் போய் 1966ல் பி.எச்டி. வாங்கினார். 1994ல் டூரிங் விருது பெற்றார். கார்னகி மெலனின் அந்தக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பள்ளிக்கே டீனாகவும் இருந்தார். நம் பிள்ளைக்குக் கதவு திறக்குமா என்று நகம் கடிக்கிறோமே, அந்தப் பள்ளிக்குத்தான்!

அதோடு, சி.எஸ்.ஸில் பி.எச்டி. இடம் கிடைத்தால் பெரும்பாலும் ஃபீஸ் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் தருவார்கள். நம்மூர் சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் என்று ஒன்று இருக்கிறது. கணக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த இளநிலைப் படிப்பு, தனி நுழைவுத் தேர்வு. அங்கே படித்து வெளிநாட்டில் ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் நிறைய. பொட்டி தட்டுகிற நம்மில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இளநிலைக்கு இரண்டு கோடி போட்டுத் திறக்கப் பார்க்கும் கதவு, நாலு வருஷம் கழித்து வேறு பக்கத்திலிருந்து திறக்கக்கூடும்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். ப்ளஸ் ஒன் முடிகிற கோடை விடுமுறையில், கடைசிபட்சம் விண்ணப்பம் திறக்கும் ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியை அணைத்துவிட்டு உட்காருங்கள். "வருஷத்துக்கு இவ்வளவு முடியும், இதற்கு மேல் முடியாது" என்று ஒரு தொகையைச் சொல்லுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால் எவ்வளவு, யார் அடைப்பது என்று அதையும் சொல்லுங்கள். பிறகு லிஸ்டை அவளே போடட்டும். எர்லி டிசிஷன் என்று நவம்பரில் ஓரிடத்துக்கு வாக்குக் கொடுக்கும் முன் அந்தத் தொகை பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு கட்டுரையைத் திருத்தித் தருகிறவர்களைப் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. காசு செலவில்லாத வேலையும்கூட.

நண்பரின் பெண் இங்கேயே ஒரு தனியார் கல்லூரியில் சி.எஸ். சேர்ந்து இப்போது இரண்டாம் ஆண்டு. நன்றாகப் படிக்கிறாள். அப்பாவோடு பேச்சு சகஜமாக ஆறேழு மாதம் பிடித்தது.

போன மாதம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் இப்போது பத்தாம் வகுப்பு. அக்காவே அப்பாவை உட்காரவைத்து, ஒரு வெள்ளைத்தாளில் வரவு, கடன், பாட்டி தாத்தா மருந்துச் செலவு எல்லாம் எழுதி, கீழே ஒரு தொகையை வட்டமிட்டு வைத்திருந்தாள். பையன் அதை எடுத்துப் பார்த்தான். முகம் வாடும் என்று எதிர்பார்த்து நண்பர் என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு இருக்காப்பா நம்மகிட்ட?" என்றான் பையன், நிஜமான ஆச்சரியத்தோடு.

நண்பர் சிரித்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு.

டிஸ்கி: பல்கலைக்கழகங்களின் பண உதவிக் கொள்கையும் விசா விதிகளும் வருஷா வருஷம் மாறுகின்றன. நான் எழுதியதை நம்பி டிக் அடிக்காதீர்கள். அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான பகுதியைப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். சேர்ந்து என்பதுதான் முக்கியம்.